மண் பரிசோதனைச் சீட்டும் பெரியப்பாவின் கைப்பிடி மண்ணும்

அணைக்கட்டுப் பக்கம் உள்ள எங்கள் இரண்டு ஏக்கர் கொல்லையில் மல்லாட்டை (நிலக்கடலை) விதைப்பதற்கு முன்பாக, வேலூர் வட்டாரத்தில் உள்ள ஒரு மண் பரிசோதனை நிலையத்துக்கு இவ்வாண்டு முதன்முறையாகச் சென்றேன். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

மண் எடுக்கும் முறையைப் பணியாளர் பொறுமையாக விளக்கியது பாராட்டத்தக்கது. வரப்போரம், மரநிழல், எருக் குவித்த இடம் ஆகியவற்றை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை பக்கவாட்டு மண்ணைச் சீவியெடுத்துக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்துக் கழித்து அரைக் கிலோவாக்கி, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் தர வேண்டும். துத்தநாகச் சத்தையும் பார்ப்பதால் துத்தநாகப் பூச்சுள்ள தகர வாளியில் கலக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

பெரியப்பா ஒரு பிடி மண்ணை நனைத்து உருட்டிப் பார்த்து, "ரெண்டு வருஷமா ஆட்டுக்கிடை கட்டல, மண்ணுல உசுரே இல்ல" என்றிருந்தார். மக்கிய எரு, தழையால் மண்ணில் சேரும் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்கும் கீழே என்று சீட்டும் அதையேதான் சொன்னது. போரான் என்ற நுண்சத்தின் பற்றாக்குறை மட்டும் அவர் கைக்கு எட்டாத செய்தி. ஆனால் தண்ணீர் தேங்கி வெள்ளையாக உப்புப் பூக்கும் கிழக்கு மூலையின் மண்ணைத் தனிப் பையில் எடுக்கச் சொன்னவர் அவரே. மற்ற மண்ணோடு கலந்திருந்தால் அந்த உவர்ப்பு சராசரியில் மறைந்து, அறிக்கை முழுக்கொல்லைக்கும் பொய்யாகியிருக்கும். முகப்பில் இருந்தவரோ ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு பைதான் என்று வாதாடி, அரை மணி நேரத்துக்குப் பிறகே இரண்டாவது பையை வாங்கிக்கொண்டார். முன்பயிர் என்ன, எரு எவ்வளவு இட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெரிய குறை உரப் பரிந்துரையில் இருந்தது. மல்லாட்டை என்று எழுதிக் கொடுத்தும் நெல்லுக்கான அளவையே அச்சிட்டுத் தந்ததால் ஜிப்சம் பற்றிய பேச்சே அதில் இல்லை. காய்கள் தமக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தம்மைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்வதால், அச்சத்தைத் தரும் ஜிப்சத்தை ஏக்கருக்கு 160 கிலோ இட்டு மண் அணைக்காவிட்டால் பருப்பில்லாத பொக்குக் காய் மிகும். கேட்டவுடன் மறுக்காமல் திருத்தித் தர ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சீட்டு விதைத்த முப்பத்தைந்தாம் நாள் கைக்கு வந்ததால் ஜிப்சத்துக்குக் காலம் தப்பவில்லை; விதைப்போடு இடும் அடியுரம் மட்டும் பெரியப்பாவின் கணக்குப்படியே போயிற்று.