கார் ஷெட் தரை போடப் போறீங்களா? காங்கிரீட்டுக்கு முன்னாடி கடப்பாரையை எடுங்க

எங்க ஊர் கோவில்பட்டி பக்கம். எங்க தோண்டினாலும் கரிசல்தான். போன ஐப்பசியில வீட்டு முன்னாடி 12க்கு 20 அடியில கார் ஷெட் போட்டோம். இடம் பள்ளம், ரோட்டு மட்டத்துக்கு வர இரண்டரை அடி நிரப்பணும். 8 யூனிட் கிராவல் மண்ணு, மேல 4 இஞ்ச் காங்கிரீட், கூலியோட 78,000 ரூபாய்னு காண்ட்ராக்டர் பேசினார். கணக்கு சரிதான். 600 கன அடி, 100 கன அடி ஒரு யூனிட்னா 6 யூனிட். இடிச்சா அமுங்கும்னு 2 யூனிட் கூட. நான் இருக்கிறது சென்னையில. அப்பாதான் கூட நின்னார்.

வந்தது ஒரே டிப்பர். 3 யூனிட் இருந்தா அதிகம். வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிப் போட்டிருந்த கரிசலையே குழிக்குள்ள தள்ளி, மேல ஒரு அடிக்கு கிராவலைப் பரப்பிட்டாங்க. திமிசு போட்டு இடிக்கலையான்னு அப்பா கேட்டிருக்கார். "எதுக்கு அண்ணாச்சி? ரெண்டு நாள் தண்ணி கட்டினா தன்னால இறுகிரும்"னாராம் காண்ட்ராக்டர்.

அங்கதான் ஏமாந்தோம். மணல் நிரப்பினா தண்ணி கட்டுறதுல அர்த்தம் இருக்கு, இடுக்கெல்லாம் அடைஞ்சு மணல் உக்காரும். கரிசல் அப்படி இல்ல, தண்ணியைக் குடிச்சு ஊதும். காஞ்சா சுருங்கும். கோடையில எங்க காட்டுல விழுற வெடிப்புக்குள்ள கையை விடலாம். இது ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எங்களுக்கு அன்னைக்குத் தோணல. ஊதி நிக்கிற மண்ணு மேலயே காங்கிரீட்டைப் போட்டுட்டுப் போயிட்டார்.

மழைக்கு ஒண்ணும் ஆகல. சித்திரை வெயில்ல, ஒரு நாள் ராத்திரி ரிவர்ஸ் எடுக்கும்போது பின் சக்கரம் டொப்புன்னு இறங்குச்சு. காலையில சுத்தியலால தட்டிப் பார்த்தேன். சுவர் ஓரத்துல ணங்குன்னு கேட்டுச்சு, நடுவுல பானையைத் தட்டின மாதிரி டொக் டொக். உடைச்சா, காங்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவுல என் நாலு விரல் தாராளமா போகுது. அதுக்குக் கீழ உடைஞ்ச செங்கல், சென்ட்ரிங் பலகைத் துண்டு, சுருட்டிப் போட்ட சிமெண்ட் சாக்கு. காங்கிரீட்டையும் அளந்தேன், இரண்டரை இஞ்ச்.

காண்ட்ராக்டருக்குப் போன் பண்ணினா, "வெயிலுக்கு எல்லாத் தரையும் வெடிக்கத்தான செய்யும் தம்பி, சிமெண்ட் பால் ஊத்தி விட்டுர்றேன்"னார். அடியில வெத்திடம் இருக்கும்போது, மேல சிமெண்டைக் கரைச்சு பால் ஊத்தி என்ன, பாயாசம் ஊத்தி என்ன? அதுக்கப்புறம் போனையே எடுக்கல. ஒப்பந்தம்னு எங்ககிட்ட இருந்தது கோடு போட்ட நோட்டுல எழுதின ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான்.

வேற கொத்தனாரை வச்சு முழுசா உடைச்சோம். கரிசலை ஜேசிபி வச்சு அள்ளி வெளிய கொட்டினோம். கிராவலை அரை அடி அரை அடியா பரப்பி, தண்ணி தெளிச்சு, ஒவ்வொரு அடுக்குக்கும் மண்ணை இடிச்சு இறுக்குற காம்பாக்டரை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். ஈரம் எவ்வளவுன்னு கேட்டேன். "ஒரு பிடி எடுத்து அமுக்குங்க. உருண்டை நிக்கணும், கையில தண்ணி கசியக் கூடாது." மேல 40 எம்.எம் ஜல்லியில 1:4:8 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி) 3 இஞ்ச், பாலிதீன் ஷீட், 8 எம்.எம் கம்பி கட்டி 5 இஞ்ச் காங்கிரீட். சுவர் ஓரத்துல தெர்மோகோல் பட்டை வச்சு விட்டார், தரை தனியா அசையணுமாம். திரும்ப 1,05,000 ரூபாய் ஆச்சு.

காங்கிரீட் விழுறதுக்கு முந்தின நாள் கடப்பாரையால நாலு இடத்துல குத்திப் பாருங்க. புதுசா இடிச்ச கிராவல்ல நான் ஓங்கிக் குத்தியும் ரெண்டு இஞ்சுக்கு மேல இறங்கல. பழைய மண்ணுல சும்மா ஊன்றினாலே ஒரு முழம் போயிருக்கும். வர்ற லோடை வண்டியோட போட்டோ எடுத்துக்குங்க. நிரப்புற வேலைக்குத் தனியா, காங்கிரீட்டுக்குத் தனியா பணம் பேசுங்க. மொத்தமா பேசினா மண்ணுலதான் கை வைப்பாங்க.

போன வாரம் பக்கத்துத் தெருவுல அதே காண்ட்ராக்டரோட ஆளுங்க ஒரு ஷெட்டுக்குத் தண்ணி கட்டிட்டு இருந்தாங்க. வீட்டுக்காரரைத் தனியா கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "அவர் நமக்குச் சொந்தம் தம்பி, அப்படியெல்லாம் செய்ய மாட்டார்"னுட்டு உள்ள போயிட்டார்.