பினாங்கு – கோலாலம்பூர் வீடு மாறுகிறவர்களுக்கு: லோரியில் சாமான் ஏறிய பிறகு விலை ஏறும்

பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கோ அங்கிருந்து இங்கேயோ வீட்டுச் சாமானோடு மாறப் போகிறவர்கள், லோரிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 2024 ஜூலையில் எங்களுக்கு நடந்தது இது. சாமான் முழுவதும் ஏறிய பிறகு, பேசிய விலைக்கு மேல் 1,150 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்கள். கொடுத்தால்தான் லோரி நகரும் என்று நெடுஞ்சாலையிலேயே நிறுத்தி வைத்தார்கள். அவர்கள் பெயரை இங்கே போடவில்லை. இதே வேலையை வெவ்வேறு பெயரில் செய்கிறார்கள் என்பதால், பெயரைவிட அவர்கள் செய்யும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

என் கணவருக்குப் பாயான் லெப்பாசிலிருந்து கோலாலம்பூருக்கு வேலை மாற்றல். ரெலாவில் இருந்த வாடகை வீட்டை ஒப்படைத்துவிட்டு, செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போக ஏற்பாடு. லோரிக்கு மூன்று இடத்தில் விலை கேட்டோம். ஒருவர் 1,350 வெள்ளி சொன்னார், ஒருவர் 1,600, இன்னொருவர் 2,200. நாங்கள் பேசி முடித்தது 1,600-க்கு. "மலிவாத் தேடினா இப்படித்தான்" என்று பிற்பாடு சொந்தக்காரர்கள் சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1,600 நடுத்தரமான விலை. 2,200 சொன்னவரும் இதே வேலையைச் செய்திருக்க முடியும், ஏனென்றால் இந்த மோசடி சொல்லும் விலையில் இல்லை. எந்த நேரத்தில் விலையை மாற்றுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

பேசியது என்ன என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 3 டன் லோரி, மூன்று ஆட்கள், ஏற்றுவது இறக்குவது, டோல், டீசல், எல்லாம் அடக்கம். அத்தனையும் புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுத்தில் இருக்கிறது. வீட்டை அறை அறையாகக் காணொளி எடுத்து அனுப்பினோம். புது வீடு நாலாவது மாடி, லிப்ட் உண்டு என்றும் சொன்னோம். பேசியவர் நம் தமிழர்தான். "அக்கா, கவலையே படாதீங்க, நம்ம வீட்டுச் சாமான் மாதிரி பாத்துக்குவோம்" என்றார். முன்பணம் 500 வெள்ளி போட்டோம்.

அந்தப் பேச்சில் அவர் கேட்ட சில கேள்விகள் அப்போது அக்கறையாகத்தான் தெரிந்தன. பழைய வீட்டுச் சாவியை எப்போது கொடுக்க வேண்டும்? புது வீட்டு நிர்வாகம் எத்தனை மணி வரை சாமான் ஏற்ற விடும்? என் கணவர் எப்போது வேலையில் சேர வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த ஆளுக்கு, எந்த நேரத்தில் உங்கள் கை கட்டப்பட்டிருக்கும் என்பதும் தெரியும். விலை சொல்வதற்குச் சாமானின் அளவு, மாடி, தூரம், தேதி போதும். சாவி கொடுக்கும் நாளை யார் கேட்டாலும் "அவசரம் இல்லை, வீடு மாதக் கடைசி வரை எங்களிடம்தான் இருக்கிறது" என்றே சொல்லுங்கள்.

காலை 8 மணிக்கு வர வேண்டிய லோரி 11 மணிக்கு வந்தது. கதவில் எழுதியிருந்த பெயர் நாங்கள் பேசிய பெயர் இல்லை, ஏதோ ஒரு நாற்காலி மேசைக் கடையின் பெயர். கேட்டதற்கு "நம்ம பார்ட்னர் லோரிதான் அக்கா" என்று போனில் பதில் வந்தது. ஓட்டி வந்த மலாய்க்காரப் பெரியவருக்குச் சாமானை எங்கே இறக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. பேசியவர் இடைத்தரகர். நம்மிடம் ஒரு விலைக்கு வாங்கி, யாருக்கோ அதைவிடக் குறைந்த விலைக்குக் கொடுத்திருக்கிறார். என் கணவர் லோரியின் எண்ணையும் கதவையும் படம் எடுத்து வைத்தார். அந்தப் படமும் பிறகு எங்களுக்கு உதவியது.

லோரிக் கதவில் என்ன பார்க்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நம் நாட்டில் சரக்கு லோரிக் கதவில் உரிமையாளர் பெயரும் எடையும் எழுதியிருக்கும். பிடிஎம் (BDM) என்பது சுமையோடு சேர்ந்த எடை, அதற்கு அருகிலேயே சுமையில்லாத எடையும் (BTM) இருக்கும். அதோடு உரிமத்தின் வகையையும் கவனியுங்கள். பெம்பாவா ஏ என்றால் கூலிக்கு அடுத்தவர் சரக்கை ஏற்றலாம். பெம்பாவா சி என்றால் சொந்தச் சரக்கை மட்டும்தான் ஏற்ற வேண்டும். கடைக்காரர் தன் கடைப் பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்க வாங்கும் உரிமம் அது. எங்களுக்கு வந்தது சி. அப்படிப்பட்ட லோரியில் வாடகைக்கு உங்கள் சாமான் ஏறினால், வழியில் ஏதாவது ஆகும்போது யாரிடம் போய் நிற்பீர்கள்? ஏ உரிமம் இருந்தாலும் லோரியின் காப்புறுதி லோரிக்குத்தான். உள்ளே இருக்கும் சாமானுக்குத் தனியாக எடுத்திருக்க வேண்டும். இருக்கிறது என்று சொன்னால் அதன் நகலைக் கேளுங்கள்.

பாலம் தாண்டி, ஈப்போ தாண்டி, தாப்பா ஓய்விடத்துக்கு வந்ததும் லோரி நின்றது. நாங்கள் காரில் முன்னால் போய்க்கொண்டிருந்தோம். புலனத்தில் ஒரு கணக்கு வந்தது. டீசல் விலை ஏற்றம் 350, டோல் 180, மாடிக்கூலி 300, தாமதக் கூலி 320. மொத்தம் 1,150. மிச்சம் 1,100-ஐயும் சேர்த்து இப்போதே போட்டால்தான் லோரி கிளம்பும். போட வேண்டிய கணக்கு நிறுவனக் கணக்கு இல்லை, ஒரு தனிமனிதர் பெயரில் இருந்தது.

அந்தக் கணக்கை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தீபகற்பத்தில் டீசல் 2024 ஜூன் 10-ஆம் தேதி 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது உண்மை. பினாங்கு – கோலாலம்பூர் ஏறத்தாழ 350 கிலோமீட்டர், போக வர 700. லிட்டருக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 100 லிட்டர். லிட்டருக்கு 1.20 வெள்ளி ஏற்றம், ஆக 120 வெள்ளி. 350 எங்கிருந்து வந்தது? அதுவும் உதவித்தொகைக்குத் தகுதி பெற்ற சரக்கு வாகனங்களுக்கு அட்டை மூலம் 2.15-க்கே டீசல் கிடைத்துக்கொண்டிருந்தது. அதைவிட முக்கியம், அவர் எங்களுக்கு விலை சொன்னதே டீசல் ஏறிய பிறகுதான். டோலில் பாலத்துக்குப் போகவும் வரவும் போட்டிருந்தார். பினாங்குப் பாலத்தில் தீவுக்குள் வரும்போது மட்டும்தான் டோல், வெளியே போகும்போது கிடையாது. மாடிக்கூலியோ, லிப்ட் உள்ள வீட்டுக்கு. தாமதக் கூலி, அவர்களே மூன்று மணி நேரம் தாமதமாக வந்ததற்கு.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்பீர்கள். அன்று மணி நாலு ஆகப் போகிறது. செந்தூலில் நிர்வாகம் 6 மணியோடு சாமான் ஏற்றுவதை நிறுத்திவிடும், மறுநாள் ஞாயிறு, அனுமதி கிடையாது. ரெலா வீட்டுச் சாவியைக் கொடுத்தாகிவிட்டது. என் மாமியாரின் ரத்த அழுத்த மருந்துகூட ஒரு பெட்டிக்குள் போய்விட்டது. இதை எல்லாம் அந்த ஆள் நன்றாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

கையில் காசு இறுகியிருக்கும் நாளும் அதுதான். ஊர் மாறும் செலவில் லோரி சின்னப் பகுதி. மாத வாடகை 1,600 என்றால் இரண்டு மாத முன்வைப்பு 3,200, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் 800, முதல் மாத வாடகை 1,600, சாவி கைக்கு வருவதற்கு முன்பே 5,600 வெள்ளி போய்விடும். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி தனி. சில அடுக்குமாடிகளில் நிர்வாகமும் சாமான் ஏற்றுவதற்கு ஒரு முன்வைப்பு கேட்கும், எங்களிடம் 500 வாங்கினார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். பழைய வீட்டின் முன்வைப்போ, வீட்டுக்காரர் பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் வரும். மின்சாரக் கணக்கை மூடினால் வரும் பணமும் உடனே வராது. ஆகவே ஒரு மாதத்துக்கு இரண்டு வீட்டின் முன்வைப்பும் உங்கள் தலையில்தான். லோரிக்குப் பேசிய விலைக்கு மேல் ஒரு தொகையை யாரிடமும் சொல்லாமல் தனியாக வைத்திருங்கள். அந்தக் காசு இருந்தால் ஓர் இரவு வேறு லோரி பிடிக்கவோ, சாமானைக் கிடங்கில் வைக்கவோ முடியும். முடியும் என்று தெரிந்தாலே நம் குரல் மாறும்.

கணவர் பணம் போடுவதற்கு முன்னால் ஒரு செய்தி அனுப்பினார்: "பேசிய விலை 1,600, எல்லாம் அடக்கம். நீங்கள் சாமானைப் பிடித்து வைத்திருப்பதால் ஆட்சேபத்தோடு இந்த 1,150-ஐக் கட்டுகிறேன். திரும்பக் கேட்பேன்." இதை மட்டும் மறக்காதீர்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகவே போடுங்கள். எதிர்ப்பு தெரிவித்த செய்தியும் பணம் போன ரசீதும் ஒரே நேரத்தைக் காட்டினால், பிறகு "அவங்களே சம்மதிச்சுத்தான் கொடுத்தாங்க" என்று யாரும் சொல்ல முடியாது.

லோரி செந்தூலுக்கு 6 மணிக்குச் சற்று முன்னால் வந்தது. ஜாகா (காவலாளி) நல்ல மனிதர், நிர்வாகத்திடம் பேசி நேரம் வாங்கிக் கொடுத்தார். மூன்று ஆட்கள் என்று பேசியதற்கு ஓட்டுநரோடு சேர்த்து இருவர்தான் வந்திருந்தார்கள். மீதியை நாங்களே தூக்கினோம். பிரிட்ஜைப் படுக்க வைத்து ஏற்றியிருந்தார்கள். மாமியாரின் தேக்கு அலமாரிக்கு ஒரு கால் இல்லை. ஒரு பெட்டி வரவே இல்லை. பித்தளைக் குத்துவிளக்கும் சமையலறைப் பாத்திரங்களும் இருந்த பெட்டி. கேட்டபோது, விலைச்சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைப் படம் பிடித்து அனுப்பினார்கள்: சேதத்துக்கும் இழப்புக்கும் நிறுவனம் பொறுப்பல்ல. அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கு எதிராக 2010-இல் ஒரு பகுதியே சேர்த்திருக்கிறார்கள். எழுதி வைத்துவிட்டால் எல்லாம் செல்லும் என்று அர்த்தம் இல்லை.

போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தோம். விலைத் தகராறு சிவில் விவகாரம் என்று சொன்னாலும், காணாமல் போன பெட்டிக்கு அந்தப் புகார் தேவைப்பட்டது. அப்புறம் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போனோம். இதைப் பற்றி நம் ஆட்கள் பலருக்கு இன்னும் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். வழக்கறிஞர் வேண்டியதில்லை. தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். மலாயில் எழுதத் தயங்குகிறவர்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்திடம் வழி கேட்கலாம்.

ஆனால் மனுவில் எதிர்த்தரப்பின் பதிவுப் பெயரும் முகவரியும் வேண்டும். புலனத்தில் ஓர் எண்ணும் ஒரு லோரிப் படமும் மட்டும் வைத்துக்கொண்டு யார்மீது மனு செய்வது? எங்களிடம் இருந்த விலைச்சீட்டில் எஸ்எஸ்எம் (நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு ஆணையம்) பதிவு எண் இருந்ததால் தேடி எடுக்க முடிந்தது. அந்த எண் இல்லாமல் யாரிடமும் ஏற்பாடு செய்யாதீர்கள். எண் கொடுத்தாலும், அது அவர்களுடையதுதானா என்று எஸ்எஸ்எம் தளத்தில் பாருங்கள். பணம் போடும் வங்கிக் கணக்கையும் மோசடிப் புகார் வந்த கணக்குகளைக் காட்டும் போலீஸாரின் செமாக் மியூல் தளத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். முன்பணம் கட்டிய கையோடு ஆளே மறைந்துவிட்டால், காத்திருக்காமல் மோசடிப் புகாருக்கான 997-ஐ அழையுங்கள்.

விசாரணைக்கு முன்னால் அந்த ஆள் கூப்பிட்டார். "அக்கா, 600 தர்றேன், கேஸ வாபஸ் வாங்கிடுங்க, நமக்குள்ள எதுக்கு?" என்றார். வாங்கவில்லை. தீர்ப்பாயம் கூடுதலாகப் பிடுங்கிய 1,150-ஐயும், பெட்டிக்கு 480-ஐயும் கொடுக்கச் சொன்னது. பெட்டிகளுக்கு எண் போட்டு, என்ன இருக்கிறது என்று எழுதி, ஏறும்போது ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கிய பட்டியல் இருந்ததால்தான் அந்த 480. பிரிட்ஜ் பழுதுக்கு எதுவும் கிடைக்கவில்லை, லோரியில்தான் கெட்டது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்றார்கள். காசு கெடுவுக்குள் வந்து சேர்ந்தது. குத்துவிளக்கு வரவில்லை.

அண்மையில் என் தங்கை இருக்கும் ஒரு புலனக் குழுவில் "பினாங்கு – கேஎல் 1,500, எல்லாம் அடக்கம்" என்று ஒரு விளம்பரம் வந்தது. வேறு பெயர், வேறு எண், ஆனால் குரல் பதிவில் பேசியது அதே ஆள். அப்படி ஒன்று உங்களுக்கும் வந்தால், முன்பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வரப் போகும் லோரியின் கதவுப் படத்தையும், எஸ்எஸ்எம் எண்ணையும், "இறக்கி முடித்த பிறகே மீதிப் பணம்" என்ற வரியையும் எழுத்தில் கேளுங்கள். எங்கள் தீர்ப்பின் நகலைப் பார்க்க வேண்டும் என்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், காட்டுகிறேன்.