‘முட்டை போட்ட ஜோடி’ என்று ஏஞ்சல் மீன் வாங்கப் போகிறவர்களுக்கு

சுங்கை சிப்புட், ஈப்போ வட்டாரத்தில் ஏஞ்சல் மீன் ஜோடி தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். “முட்டை போட்ட ஜோடி பாஸ், கேரண்டி” என்று 280 வெள்ளிக்கு என் தலையில் கட்டப்பட்ட இரண்டுமே பெண் மீன்கள். விற்றவர் ஈப்போ பக்கம், வீட்டிலேயே தொட்டிகள் வைத்து விற்பவர். தெரிந்தேதான் விற்றார் என்று நினைக்கிறேன்.

கப்பி மீனில் ஆண் பெண் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஏஞ்சலில் அது நடக்காது. நெற்றி புடைத்திருந்தால் ஆண் என்பார்கள், கொழுத்த பெண்ணுக்கும் அது இருக்கும். நம்பக்கூடிய அடையாளம் ஒன்றுதான்: முட்டையிடும் சமயத்தில் வயிற்றுக்கடியில் நீட்டிக்கொண்டு வரும் சின்னக் குழாய். ஆணுக்கு அது மெல்லியதாக, கூராக இருக்கும். பெண்ணுக்குத் தடித்து, முனை மழுங்கியிருக்கும். முட்டையிட்டு முடிந்ததும் உள்ளே போய்விடும், அப்புறம் பார்க்க ஒன்றும் இல்லை. ஜோடி என்று சொன்னதும் விலை எகிறுவது இதனால்தான். ஒன்று ஆண், மற்றது பெண் என்று விற்பவர் தரும் உறுதிக்குத்தான் அந்தக் காசு.

இங்கேதான் வித்தை இருக்கிறது. ஆண் இல்லாத தொட்டியில் இரண்டு பெண் ஏஞ்சல்கள் இருந்தால் அவையே ஜோடி சேர்ந்துகொள்ளும். முட்டையிடத் தொட்டியில் வைக்கும் சிலேட் பலகையை வாயால் தேய்த்துச் சுத்தம் செய்யும், மற்ற மீன்களை விரட்டும், மாறி மாறி முட்டையிடும், மார்புத் துடுப்பால்கூட விசிறும். பார்க்கிறவருக்கு அசல் குடும்பம்தான். முட்டையோடு படம் எடுத்துப் போட்டால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். எனக்கும் அந்தப் படம் வந்தது. கூடவே குஞ்சுகள் கூட்டமாக நீந்தும் காணொளி ஒன்றும் அனுப்பினார். அதில் குஞ்சுகள் மட்டும்தான். தாய் தகப்பன் எங்கேயும் தலைகாட்டவில்லை.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளிலேயே முட்டை போட்டன. சிலேட் முழுக்க, வழக்கத்தைவிட அதிகம். மறுநாளே வெளுக்க ஆரம்பித்து, அதற்கடுத்த நாள் பஞ்சு மாதிரி பூஞ்சை. கருவுற்ற முட்டை தேன் நிறத்தில் தெளிவாகவே இருக்கும், ஒன்றரை நாளில் உள்ளே கண் கருப்புப் புள்ளியாகத் தெரியும், 28 பாகை வெப்பத்தில் இரண்டரை நாளில் பொரிந்துவிடும். என் சிலேட்டில் ஒரு முட்டைகூட அந்த நிலைக்கு வரவில்லை. அடுத்தடுத்த முறையும் அதே கதைதான்.

அவரைக் கூப்பிட்டேன். “உங்க தண்ணி சரியில்ல பாஸ், மீனு முட்டை போடுதில்ல?” என்றார். தண்ணீரைச் சரிசெய்ய மெத்திலீன் புளூ என்ற பூஞ்சை மருந்து, அமிலத்தன்மை குறைக்கவோ கூட்டவோ ஏதோ ஒரு பாட்டில், அப்புறம் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை ஒரு பாக்கெட் 15 வெள்ளி என்று விற்றார். கெத்தாப்பாங் இலை! எங்கள் தாமான் திடலில் அந்த மரம் கொட்டுகிற இலையைக் கூட்டி அள்ள ஆள் கிடைப்பதில்லை. குஞ்சு பொரிந்தால் தீனிக்கு வேண்டும் என்று ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் பொடி இறால் வகை) முட்டையும் சின்ன பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார். டின்னும் இல்லை, தேதியும் இல்லை. லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்பு போட்டுக் காற்று விட்டுப் பார்த்தேன். நல்ல முட்டை ஒரு நாள், ஒன்றரை நாளில் ஆரஞ்சு நிறக் குஞ்சாக மாறிவிடும். இது பழுப்புத் தூளாகவே மிதந்தது. ஈரக்காற்றில் திறந்து வைத்த ஆர்ட்டீமியா அப்படித்தான் போகும்.

தண்ணீரைக் குறை சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருப்பதுபோல் தோன்றும், அதுதான் இந்த ஏமாற்றின் பலம். கடினத் தண்ணீரில் முட்டை சரியாகக் கருவுறாமல் போவது உண்மை. ஆண் மீன் ரொம்ப இளசாக இருந்தாலும் முதல் சில முறை வெளுக்கும். ஆக, வாங்கியவர் மாதக்கணக்கில் தன் தொட்டியையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருப்பார்.

தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவர் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், பல காலமாக ஏஞ்சல் வளர்ப்பவர். மீன்கள் சிலேட்டைத் தேய்க்க ஆரம்பித்த அன்று அவரைக் கூட்டிவந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தார். “ரெண்டும் பொம்பளைப் புள்ளைங்க தம்பி.” இரண்டுக்கும் குழாய் மழுங்கல். தன்னிடம் இருந்த ஒரு ஆணைக் கொடுத்து, என் மீன்களில் ஒன்றை மட்டும் அதனோடு விடச் சொன்னார். அதே குழாய்த் தண்ணீர், அதே ஃபில்டர், அதே ஹீட்டர். முட்டையில் கண் தெரிந்தது, பொரிந்தது, ஐந்தாறு நாளில் நீந்தியது. தண்ணீர் மேல் போட்ட பழி அத்தோடு போனது.

விற்றவரிடம் இதைச் சொல்லி, மீனையும் காணொளியையும் காட்டி, பாதிப் பணமாவது கேட்டேன். முதலில் “மாத்தித் தர்றேன்” என்றார், பிறகு பதில் இல்லை, கடைசியில் என் எண்ணையே தடுத்துவிட்டார். அவர் முதலில் அனுப்பிய குஞ்சுக் காணொளியில் ஏன் பெற்றோர் இல்லை என்ற கேள்விக்கு மட்டும் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. தெரிந்தே விற்றார் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உண்மையான ஜோடியே வீடு மாறினால் சண்டை போடும், முதல் ஈட்டு முட்டையைத் தின்றுவிடும். அதற்காக விற்றவரைத் திட்டாதீர்கள். ஆனால் வாங்கும் முன், பெற்றோரும் நீந்தும் குஞ்சுகளும் ஒரே காட்சியில் இருக்கும் காணொளி கேளுங்கள். முட்டைப் படம் எதையும் நிரூபிக்காது. கண் தெரியும் முட்டையின் படமாவது வேண்டும். அவசரம் இல்லாதவர்கள் ஆறு இளம் மீன் வாங்கி ஒன்றாக வளர்த்து, தானாகச் சேரும் ஜோடியைப் பிரித்து வைக்கலாம். எட்டு மாதம், ஒரு வருடம் பொறுக்கவேண்டும், நான் கொடுத்த விலையில் கால்வாசிகூட ஆகாது.

நான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போடப் போகிறேன். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் போடவேண்டும். படிவத்தில் விற்றவரின் பெயரும் முகவரியும் கேட்பார்கள். எனக்கு அந்தப் பெயர் கிடைத்தது வங்கிப் பரிமாற்ற ரசீதில்தான். ஆகவே இந்த மாதிரி ஆட்களிடம் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், “ஏஞ்சல் ஆண் பெண் ஜோடி” என்று எழுதி அனுப்பச் சொல்லிவிட்டு வங்கி வழியாகவே அனுப்புங்கள்.