கேன்வாஸா, மொடல் டிரிவனா? கொள்வனவுப் படிவத்தை இரண்டு முறை கட்டிய அனுபவம்

கொழும்பு புறக்கோட்டையில் குழாய், இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு கம்பனியின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். வழங்குநர் பதிவு, கொள்வனவுக் கோரிக்கை என்ற இரண்டு படிவங்களையும், அதிகம் நிரல் எழுதாமல் செயலி கட்ட உதவும் மைக்ரோசொஃப்ட் பவர் அப்ஸில் முதலில் கேன்வாஸ் முறையில் கட்டினேன். ஒன்றரை வருடம் ஓடிய பிறகு மொடல் டிரிவன் முறைக்கு மாற்றினேன். பலர் கைமாறி அனுமதி வாங்கும் படிவம் என்றால் மொடல் டிரிவன்தான் என்பது என் முடிவு.

கேன்வாஸில் வெறுந்திரை தருவார்கள். பெட்டி எங்கே, பொத்தான் எங்கே, என்ன நிறம் எல்லாம் நம் விருப்பம். எக்செல் தெரிந்தவருக்குச் சூத்திரம் எழுதுவதும் கஷ்டமில்லை. மொடல் டிரிவனில் முதலில் டேட்டாவேர்ஸ் என்ற மைக்ரோசொஃப்ட் தரவுத்தளத்தில் அட்டவணையையும் நிரல்களையும் அமைக்க வேண்டும். படிவம் அதிலிருந்துதான் வரும், அதன் தோற்றத்தில் நமக்குப் பெரிய உரிமை இல்லை. அழகு கேன்வாஸுக்கு. முதல் மாத வேகமும் அதற்கே.

என்னை மாற வைத்தது பராமரிப்பு.

2022 ஏப்ரலில் கேன்வாஸ் படிவம் ஓடத் தொடங்கியபோது வற் எனும் பெறுமதி சேர் வரி 8 வீதம். யூன் முதலாம் திகதி அது 12 ஆனது, செப்டெம்பர் முதலாம் திகதி 15. எங்கள் படிவத்தில் இந்த எண் சூத்திரத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது: புதிய கோரிக்கைத் திரை, திருத்தும் திரை, அனுமதித் திரை, போனுக்கென்று செய்த சின்னத் திரை என நான்கு இடங்களில். செப்டெம்பரில் மூன்றைத் திருத்திவிட்டு அனுமதித் திரையைத் தவறவிட்டேன். கேட்டவர் 15 வீதத்தில் பார்த்த தொகையை முகாமையாளர் 12 வீதத்தில் பார்த்து ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தார். கணக்குப் பிரிவு அக்கா பைலோடு வந்து, “தம்பி, ஒரே ஓடருக்கு எப்பிடி ரெண்டு தொகை வருது?” என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

வரி வீதத்தைத் தனி லிஸ்டில் வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அடுத்த கிழமையே வைத்தேன், வற் சிக்கல் அத்தோடு சரி. ஆனால் மற்ற விதிகள் எல்லாம் இன்னும் திரைக்குள்ளேயே இருந்தன. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட கோரிக்கைக்கு மூன்று விலைமனு கட்டாயம் என்பது எங்கள் நடைமுறை. அது ‘சமர்ப்பி’ பொத்தானின் சூத்திரத்தில் இருந்தது. படிவத்தின் பதிவுகள் ஷெயார்பொயிண்ட் லிஸ்டில், அதாவது இணையத்தில் பகிரும் ஓர் அட்டவணையில் சேமிக்கப்பட்டன. பேலியகொடைக் களஞ்சியசாலையில் அவசரத்துக்கு அந்த லிஸ்டை நேரே திறந்து தட்டச்சு செய்வார்கள். அங்கே பொத்தானே இல்லை, அதனால் விதியும் இல்லை.

இன்னொன்று. ஒரே வழங்குநரை இரண்டு தரம் பதியாமல் தடுக்கப் பெயரைத் தேடிப் பார்க்கும் சூத்திரம் போட்டிருந்தேன். ஷெயார்பொயிண்ட் லிஸ்டில் அந்தத் தேடலைச் சேர்வரே செய்து தராது. அப்படியான நேரத்தில் கேன்வாஸ் முதல் 500 பதிவுகளை மட்டும் இறக்கி அதற்குள் தேடும். அமைப்பில் கூட்டினாலும் 2000 தான் எல்லை. எங்கள் பட்டியல் 500 ஐத் தாண்டிய நாளிலிருந்து காவல் இல்லாமல் போயிருக்கிறது. படிவம் பிழை எதையும் காட்டவில்லை. சூத்திரத்தை எழுதும்போது வந்த மஞ்சள் எச்சரிக்கையை நான் கவனித்திருக்க வேண்டும்.

டேட்டாவேர்ஸில் இந்த இரண்டும் அட்டவணையோடு சேர்ந்தவை. விலைமனு விதியை முழு அட்டவணைக்கும் பொருந்தும் வணிக விதியாக (டேட்டாவேர்ஸில் நிபந்தனைகளை அமைக்கும் வசதி) வைத்தால், பதிவு படிவத்தால் வந்தாலும் எக்செல் கோப்பால் வந்தாலும் சேமிக்கும் இடத்தில் அது பார்க்கப்படும். வழங்குநரின் டின் இலக்கத்தை (வரி செலுத்துவோர் அடையாள இலக்கம்) மாற்றுச் சாவியாக, அதாவது ஒரு தரம் மட்டுமே வரக்கூடிய மதிப்பாகக் குறித்தேன். அதே இலக்கத்தோடு இரண்டாவது பதிவு வந்தால் சேர்வரே ஏற்காது, பட்டியல் எவ்வளவு நீளமானாலும். பிறகு நிர்வாகம் ஐந்து இலட்சத்தை ஏழரை ஆக்கியபோது ஓர் இடத்தில் மாற்றி வெளியிட்டேன், பத்து நிமிட வேலை.

இங்கும் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒரு நிரலைக் ‘கட்டாயம்’ என்று குறிப்பது படிவத்தில் மட்டும்தான் தடுக்கும். பவர் ஓட்டோமேட் என்ற தானியக்கக் கருவி வழியாக வரும் பதிவு அந்த இடத்தை வெறுமையாக விட்டுக்கொண்டே உள்ளே வரலாம். வெறுமையாக இருக்கும் நிரலுக்கு மாற்றுச் சாவியும் காவல் நிற்காது. இரண்டும் சேர்ந்தால் டின் இலக்கம் இல்லாத வழங்குநர் எத்தனை தரமும் பதியப்படலாம். ஆகவே வெறுமையைத் தடுக்கத் தனி விதி போடுங்கள்.

கேன்வாஸ் வெல்லும் இடங்களும் உண்டு. தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எடுங்கள்: பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வந்த புதியது பன்னிரண்டு இலக்கம். கேன்வாஸில் ஒரே வரிச் சூத்திரம் இரண்டு வடிவத்தையும் சரிபார்க்கும். வணிக விதியால் அது முடியாது, ஜாவாஸ்கிரிப்ட் எழுதினேன். அது மறுபடியும் படிவத்துக்குள் போய் உட்காரும் விதி என்பதை ஒத்துக்கொள்கிறேன். (எதில் கட்டினாலும் அந்த இலக்கத்திலிருந்து பிறந்த திகதியைக் கணக்கிடுபவர்கள் கவனம். அதில் பிறந்த நாள், வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற எண்ணாக இருக்கும், பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே எண்ணப்பட்டிருப்பதால், சாதாரண வருடத்தில் மார்ச் முதலாம் திகதியிலிருந்து பிறந்தவர்களுக்கு ஒரு நாள் பிசகும்.)

மொழியும் அப்படித்தான். கேன்வாஸில் மொழிபெயர்ப்பு அட்டவணை ஒன்றை நாமே வைத்து, ஒரு பொத்தானில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மாற்றலாம். மொடல் டிரிவனில் ஒவ்வொரு பெட்டியின் தலைப்பிலும் சிங்களத்தையும் தமிழையும் சேர்த்து எழுதிச் சமாளித்தோம். திரை நெருக்கமாகத்தான் இருக்கிறது.

பணம்: ஷெயார்பொயிண்ட் லிஸ்டை வைத்த கேன்வாஸ், ஏற்கனவே இருக்கும் மைக்ரோசொஃப்ட் 365 லைசன்ஸிலேயே ஓடும். டேட்டாவேர்ஸ் என்றால் ஆளுக்கு ஆள் தனி லைசன்ஸ், அதுவும் டொலரில். 2022 இல் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ஐத் தாண்டியதைப் பார்த்த எந்த நிதிப் பிரிவும் இதைக் கேட்டால் முகம் சுளிக்கும். எங்களிடம் பாவனையாளர்கள் முப்பதுக்குள் என்பதால் சம்மதம் கிடைத்தது. இருநூறு பேர் என்றால் நானே தயங்கியிருப்பேன். இணையம் இல்லாத இடத்தில் எது நன்றாக ஓடும் என்பதை நாங்கள் துறைமுகப் பக்கம் இரண்டு கிழமைதான் பார்த்தோம். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

கேன்வாஸை முழுதாக விடவில்லை. லொறியில் வந்த சாமானைப் போனில் படம் எடுத்துப் பதியும் படிவம் இன்னும் அதில்தான் இருக்கிறது. வெயிலில் நின்று ஒரு கையால் தட்டுபவருக்குப் பெரிய பொத்தான் வேண்டும். ஆனால் அது எழுதுவதும் அதே டேட்டாவேர்ஸ் அட்டவணையில். ஓடரில் உள்ள எண்ணிக்கையை மீறிப் பதிந்தால் கந்தோரில் வரும் அதே செய்தி அங்கும் வந்து நிறுத்துகிறது.