சங்கீதம் 23, யோவான் 11: துக்க வீட்டில் எதை வாசிப்பது?

துயரப்படுகிறவர்களுக்காக ஜெபிக்கப் போகிறவர்கள் பலர், வேதாகமத்தின் இவ்விரண்டு அதிகாரங்களில் எதைத் திறப்பது என்று தயங்குகிறார்கள்.

அளவு: சங்கீதத்தில் 6 வசனங்களே, யோவான் 11-இல் 57, எனவே 17 முதல் 44 வரை போதும்.

எளிமை: சங்கீதம் பலருக்கு மனப்பாடம், நோயாளியும் கூடவே முணுமுணுப்பார், யோவானை நிதானமாக வாசித்துக் காட்ட வேண்டும்.

ஆறுதல்: மேய்ப்பரை ‘அவர்’ என்று சொல்லிவந்த சங்கீதக்காரர், மரண இருளின் பள்ளத்தாக்கை எட்டியதும் ‘தேவரீர்’ என்று நேராகவே அழைக்கிறார். யோவானிலோ, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டான் என்ற மார்த்தாளின் ஆதங்கத்தை இயேசு கடிந்துகொள்ளாமல் கேட்கிறார். இறந்த அந்தச் சகோதரனாகிய லாசருவை உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்தும், மார்த்தாளின் சகோதரி மரியாள் அழுவதைக் கண்டு கலங்கி, 35-ஆம் வசனத்தில் கண்ணீர் விடுகிறார். தேவ இரக்கத்தை இதைவிட அருகில் காட்டும் இடத்தை நான் அறியேன்.

படுக்கையில் அச்சத்தோடு இருப்பவருக்குச் சங்கீதம் பொருந்தும். அடக்கம் முடிந்து ‘ஏன்’ என்று கேட்டு அழுகிறவர்களுக்கு யோவானையே, 35-ஆம் வசனத்தில் சற்று நிறுத்தி, வாசியுங்கள்.