முதுகு ஆபரேஷனுக்கு முன்னால்: பெல்ட்டுக்கா, ஸ்டூலுக்கா காசு?

வேலூரில் முதுகு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியதும் பலர் நேராகப் போய் நிற்பது சர்ஜிகல் கடையில். முதலில் கேட்பது இடுப்பு பெல்ட். டாய்லெட் ஸ்டூல், மூச்சுப் பயிற்சிக்கான ஸ்பைரோமீட்டர் எல்லாம் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில்தான் ஞாபகத்துக்கு வரும். நாலைந்து வாரம் பயிற்சி செய்து உடம்பைத் தயார் செய்யப் போகிறவர் வாங்க வேண்டிய வரிசை இதற்குத் தலைகீழ்.

இந்தியன் டாய்லெட் இருக்கும் வீட்டில் முதல் செலவு, பீங்கானுக்கு மேலே போட்டு உட்காரும் கம்மோடு ஸ்டூல். ஆபரேஷன் முடிந்து வந்தவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழ முடியாது. கடைக்குப் போகும் முன் பீங்கானின் அகலத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஸ்டூலின் நான்கு கால்களும் பீங்கானுக்கு வெளியே, கெட்டியான தரையில் பதிய வேண்டும். மேடை கட்டிய டாய்லெட் என்றால் கால்கள் அந்த மேடைக்குள் அடங்குமா என்றும் பாருங்கள். ஒரு கால் விளிம்பில் நின்றால் ஆள் உட்கார்ந்ததும் சாயும். உட்கார்ந்த நிலையில் இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருப்பதுதான் சரியான உயரம். சீட்டின் முன்பக்கம் திறந்திருப்பது நல்லது. மூடிய சீட்டில் கழுவுவதற்கு உடம்பைத் திருக வேண்டி வரும், ஆபரேஷனுக்குப் பின் செய்யக் கூடாததே அந்தத் திருகல்தான். மடக்கு மாடலில் லாக் சரியாக விழுகிறதா, கால்களின் ரப்பர் புஷ் தேயாமல் இருக்கிறதா என்று கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் உள்ளவர்களுக்கு சீட்டின் உயரத்தைக் கூட்டும் 2, 4, 6 அங்குல ரெய்சர் கிடைக்கும்; கிளாம்ப் இல்லாததை வாங்காதீர்கள், பக்கவாட்டில் நகரும். வெளியூரிலிருந்து வந்து லாட்ஜில் தங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் டாய்லெட்டையும் மாடிப்படியையும் பார்த்துவிடுவது மேல்.

இந்த ஸ்டூலே பயிற்சிக் கருவியும்கூட. காய்ந்த தரையில் சுவரை ஒட்டிப் போட்டு, கை ஊன்றாமல் 10 முறை உட்கார்ந்து எழுவது, ஓய்வெடுத்து இன்னொரு 10. தொடை வலுவாக இருந்தால் ஆபரேஷனுக்கு மறுநாள் எழுந்து நிற்கும்போது முதுகின் மேல் பாரம் விழாது. பீடி சுற்றுகிறவர்கள்போல் நாளெல்லாம் மடியில் முறத்தோடு தரையில் குனிந்தே உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்தப் பயிற்சி மற்றவர்களைவிட அதிகம் தேவை.

இரண்டாவது, மூன்று பந்து ஸ்பைரோமீட்டர். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பெரும்பாலான மாடல்களில் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். பந்தைத் தூக்க நொடிக்கு எத்தனை சி.சி. காற்றை இழுக்க வேண்டும் என்பதற்கான அளவு அது. இதில் எல்லோரும் செய்யும் தப்பு ஊதுவது. குழாயை வாயில் வைத்து மெதுவாக உறிஞ்ச வேண்டும், பந்து மேலே நிற்கும்படி மூன்று நொடி பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் பந்து சுலபமாக ஏறும், நுரையீரலுக்கு வேலை இருக்காது. தலை சுற்றினால் வேகமாகச் செய்கிறீர்கள் என்று பொருள். நிறுத்தி இரண்டு நிமிடம் சும்மா மூச்சு விடுங்கள். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்னால் விட்டால்தான் இதற்குப் பலன். வாயில் அடக்கும் புகையிலையும் கணக்கில் சேரும். எலும்பு இணைக்கும் ஆபரேஷனில் நிகோடின் எலும்பு கூடுவதைக் கெடுக்கும்.

மூன்றாவது, இழுத்துப் பயிற்சி செய்யும் எலாஸ்டிக் பேண்ட். அதில் மஞ்சள் லேசானது. சிவப்பு, பச்சை, நீலம் என்று இறுக்கம் கூடிக்கொண்டே போகும். மஞ்சளோ சிவப்போ போதும். துருப்பிடித்த ஜன்னல் கம்பியில் கட்டினால் அறுந்து முகத்தில் அடிக்கும். உண்மையில் பேண்டே இல்லாமலும் சமாளிக்கலாம்: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை அடக்காமல் வயிற்றை இறுக்கி 5 நொடி பிடிப்பது, இடுப்பைத் தூக்குவது, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது. காசு செலவில்லாமல் இன்னொன்று, கோட்டை அகழியை ஒட்டிக் காலை ஏழு மணிக்குள் நடப்பது. அதற்கு மேல் வேலூர் வெயில் விடாது.

பக்கத்து வீட்டுக்காரர் செய்யும் பயிற்சியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டிஸ்க் பிதுங்கியவருக்குப் பெரும்பாலும் குனிந்தால் வலி கூடும். நரம்புப் பாதை குறுகியவருக்குப் பின்னால் வளைந்தால் கூடும். அதனால் ஒரே ஷீட்டை எல்லோர் கையிலும் கொடுக்கும் இடத்துக்கு ஃபீஸ் கட்டுவது வீண். பயிற்சியின்போது வலி காலில் கீழே கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திப் பிசியோவிடம் சொல்லுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கால்களுக்கு நடுவே மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் போனாலோ ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.

நல்ல பிசியோதெரபிஸ்டை அடையாளம் காண ஒரு சோதனை உண்டு. கட்டிலிலிருந்து எழுவதை அவர் முன்கூட்டியே பழக்குகிறாரா? முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே கட்டையாய் உருள ஒருக்களித்து, காலைக் கீழே இறக்கும்போதே முழங்கையால் ஊன்றி எழ வேண்டும். தினம் ஐந்து முறை செய்தால் ஒரு வாரத்தில் தூக்கக் கலக்கத்திலும் வரும். பாயில் படுத்துப் பழகியவர்கள் இதற்காகவே இப்போதே கட்டிலுக்கு மாறுவது நல்லது. வெறும் கரண்டும் ஒத்தடமும் வைத்து அனுப்பும் சென்டரில் வலி கொஞ்ச நேரம் அடங்கும், தசையில் ஒன்றும் ஏறாது.

கடைசியாகப் பெல்ட். நாள் முழுக்கக் கட்டிக்கொண்டால் வயிற்றுத் தசை சோம்பிப்போகும்; வளர்க்க நினைப்பதே அந்தத் தசையைத்தான். ஆட்டோவில் ஸ்பீட் பிரேக்கர் தாண்டும் பயணத்துக்கும், அடுப்படியில் நிற்கும் நேரத்துக்கும் ஒன்றிரண்டு மணி நேரம் கட்டலாம். தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளந்து சைஸ் எடுங்கள். கால்சட்டை சைஸ் சொல்லி வாங்கினால் மேலே ஏறிக்கொள்ளும். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் இல்லாவிட்டால் ஏப்ரல், மே மாதங்களில் வேர்க்குரு நிச்சயம். ஆபரேஷனுக்குப் பின் சில டாக்டர்கள் வேறு மாதிரி பெல்ட் எழுதுவார்கள், சிலர் பெல்ட்டே வேண்டாம் என்பார்கள். உடுத்திய பெல்ட்டைக் கடையில் திரும்ப எடுப்பது அபூர்வம். டாக்டர் சீட்டு கைக்கு வந்த பிறகு வாங்கினால் போதும்.