15 ஆம்பியர் பிளக்கா, 7.2 கிலோவாட் பெட்டியா?

மின்சாரக் காரை வீட்டில் சார்ஜ் செய்ய சாதாரண பிளக் போதுமா, சுவரில் தனிப் பெட்டி வேண்டுமா? 2022-ல் டாடாவின் நெக்ஸான் ஈவி மேக்ஸ் மின்சாரக் கார் வந்தபோது இரண்டு விதமாக விற்றார்கள். 3.3 கிலோவாட் சார்ஜிங் ஒன்று; 50,000 ரூபாய் கூடக் கொடுத்தால் 7.2. பேட்டரி இரண்டிலும் 40.5 யூனிட்தான். முதலாவதில் நிரம்ப ஏறக்குறைய 15 மணி நேரம், இரண்டாவதில் ஆறு மணி சொச்சம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று 7.2 எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எங்களுடையது சிங்கிள் பேஸ் இணைப்பு. தமிழ்நாட்டில் சிங்கிள் பேஸ் என்றால் 4 கிலோவாட் வரைதான். அதில் ஏர் கண்டிஷனரும் மோட்டாரும் கிரைண்டரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தன. ஆக, முதல் ஒரு வருடம் காரோடு வந்த 15 ஆம்பியர் கேபிளிலேயே ஓட்டினேன். பிறகு த்ரீ பேஸ் வாங்கி சுவரில் 7.2 கிலோவாட் சார்ஜிங் பெட்டியும் மாட்டினேன். இரண்டையும் பார்த்துவிட்டதால் சொல்கிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயம். வீட்டுக்கு வரும் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தை பேட்டரிக்கு வேண்டிய டிசியாக (நேர்திசை) மாற்றும் சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. சுவர்ப்பெட்டியும் சரி, கேபிளின் நடுவே தொங்கும் செங்கல் போன்ற பெட்டியும் சரி, பாதுகாப்போடு கூடிய ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். "இத்தனை ஆம்பியர் வரை இழுத்துக்கொள்" என்று ஒரு சிக்னல் வழியாகக் காருக்குச் சொல்லும். கார் அதற்குள் தன்னால் முடிந்ததை இழுக்கும். 3.3 கிலோவாட் காருக்கு 22 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் 3.3 தான் ஏறும். இதைவிட முக்கியம்: பெட்டிக்குப் பின்னால் சுவருக்குள் என்ன வயர் ஓடுகிறது என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

முதலில் 15 ஆம்பியர் பிளக். இதன் பெரிய பலம், இரவு முழுக்க நேரம் இருக்கிறது என்பது. ஒன்பது மணி நேரத்தில் 25 யூனிட்டுக்கு மேல் ஏறிவிடும். நகரத்துக்குள் ஓட்டுபவருக்கு அது இரண்டு மூன்று நாள் ஓட்டம். பலவீனம், பிளக் பாயின்ட். கீசருக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் போட்ட அந்த சாக்கெட் அரை மணி நேர வேலைக்குப் பழகியது. காரோ 14 ஆம்பியரை இரவு முழுக்க விடாமல் இழுக்கும். பின் பிடிப்பு லேசாகத் தளர்ந்து 0.1 ஓம் தடை வந்தாலே, 14 ஆம்பியரில் அந்த இடத்தில் 20 வாட் சூடு. சின்ன சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் செருகிவைத்த மாதிரி. என் வீட்டில் நாலாவது மாதம் பிளேட் பழுப்பேறி, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. சாக்கெட்டை மாற்றிய எலக்ட்ரீஷியன் அதே பழைய 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) வயரில், ஹாலுக்குப் போகும் லைனிலேயே மறுபடி மாட்டிவிட்டுப் போனார். மறுபடியும் அதே வாடை.

சரியான வைத்தியம் சாக்கெட்டில் இல்லை, லைனில் இருந்தது. மெயின் போர்டிலிருந்து நேராக 4 ஸ்கொயர் காப்பர் வயர், வேறு எதுவும் தொற்றாத தனி எம்சிபி (லோடு மிஞ்சினால் விழும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்), நல்ல கனமான 16 ஆம்பியர் சாக்கெட். அப்புறம், கரன்ட்டைக் குறைத்தேன். கரன்ட்டை இறக்க வசதியுள்ள போர்ட்டபிள் கேபிள்கள் கிடைக்கின்றன. சில கார்களின் திரையிலேயே அந்த வசதி உண்டு. 14-லிருந்து 10-க்கு இறக்கினால் பிளக்கில் எழும் சூடு பாதியாகிவிடும். ஏறும் யூனிட்டோ முப்பது சதவீதத்துக்குள்தான் குறையும். என் கணக்கில் இதைவிட லாபமான மாற்றம் வேறு இல்லை.

மாற்றம் என்ற பெயரில் செய்யக் கூடாததும் உண்டு. கேபிளின் பிளக்கை வெட்டிவிட்டு நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக் மாட்டுவது ஒன்று. சில கேபிள்களில் பிளக்குக்குள் சூட்டை உணரும் சென்சார் இருக்கும். வெட்டினால் அதுவும் போச்சு, வாரண்டியும் போச்சு. இண்டஸ்ட்ரியல் சாக்கெட் வேண்டுமானால் அந்த பிளக்கோடு வரும் கேபிளையே வாங்குங்கள். 32 ஆம்பியர் வரை போகும் கேபிளை அடாப்டர் போட்டு 15 ஆம்பியர் பாயின்ட்டில் செருகுவது இன்னொன்று. ஒருநாள் கரன்ட்டை இறக்க மறந்தால் போதும், பாயின்ட் கருகிவிடும்.

இரண்டையும் மிஞ்சியது எர்த் ஏமாற்று. எர்த் சரியில்லையென்றால் கேபிளில் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. உடனே சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் லூப் அடித்துவிடுகிறார்கள். விளக்கு பச்சையாகிவிடும். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் பாடியே ஷாக் அடிக்கும். கசியும் கரன்ட் நியூட்ரல் வழியாகவே திரும்புவதால் ஆர்சிசிபியும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டிலும் ஏப்ரல் வெயிலில் அந்த சிவப்பு விளக்கு வந்தது. எர்த் குழியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியதும் போய்விட்டது. உப்பும் கரியும் போட்ட பழைய குழி, காய்ந்து கிடந்திருக்கிறது. பிறகு புதுக் கம்பி இறக்கினோம்.

இனி 7.2 கிலோவாட் பெட்டி. 32 ஆம்பியர் தொடர்ச்சியாகப் போகும், ஆகவே 6 ஸ்கொயருக்குக் குறைந்து வயர் கூடாது. மீட்டர் பெட்டி தூரமாக இருந்தால் 10 ஸ்கொயர். இதற்கு மேல் த்ரீ பேஸ், லோடு கூட்டுவதற்கு ஈபி ஆபீஸ் நடை. கைக்கு வருவது என்ன? மாலை ஆறு மணிக்கு வந்து ஒன்பதுக்கு மறுபடி வெளியூர் கிளம்ப முடிகிறது. பிளக்கைப் பிடுங்கிச் செருகும் தேய்மானம் இல்லை. நல்ல பெட்டிகளில் 6 மில்லிஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதியும் இருக்கிறது. இதைக் கேட்டு வாங்குங்கள். வீடுகளில் சாதாரணமாக மாட்டும் ஏசி வகை ஆர்சிசிபி டிசி கசிவில் செயலிழந்துவிடக்கூடும். செயலி, வைஃபை, வண்ண விளக்கு எல்லாம் இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டாலும் குறையில்லை.

11 கிலோவாட், 22 கிலோவாட் த்ரீ பேஸ் பெட்டிகள்? மஹிந்திராவின் பிஇ 6 போன்ற கார்களுக்கு 11.2 பொருந்தும். மற்றவர்கள் காரின் கையேட்டைப் பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறக்கவும்.

கரன்ட் பில்லில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் இழப்போடு சேர்த்து 160 யூனிட் போல ஆகும். இரண்டு மாத பில்லில் 320. வீட்டுச் செலவோடு சேர்ந்து 500-ஐத் தாண்டினால் ஸ்லாப், அதாவது யூனிட்டுக்கான கட்டண அடுக்கு, மாறும். அது எந்தப் பெட்டியானாலும் மாறும்.

தினம் 60 கிலோமீட்டருக்குள் ஓட்டி, இரவில் வண்டி வீட்டில் நிற்கும் என்றால் தனி லைன் போட்ட 15 ஆம்பியர் போதும். ஒரே வீட்டில் இரண்டு மின்சாரக் கார், அல்லது வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் 7.2 எடுங்கள்.

7.2 மாட்டுபவர்கள் பேஸ் சேஞ்சரை, அதாவது லோடை ஒரு பேஸிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் திருகு சுவிட்சை, மறக்க வேண்டாம். த்ரீ பேஸ் வீட்டிலும் இந்தப் பெட்டி ஒரே பேஸிலிருந்துதான் 32 ஆம்பியரையும் இழுக்கும். ஒரு பேஸ் போனதும் நாம் பழக்கதோஷத்தில் ஏசியை அடுத்த பேஸுக்குத் திருப்பிவிடுகிறோம். மே மாத ராத்திரியில் காரும் இரண்டு ஏசியும் ஒரே பேஸில் விழுந்து எங்கள் மெயின் ஃபியூஸ் போயிற்று. இப்போது அந்தத் திருகு சுவிட்சுக்குப் பக்கத்தில், எந்த பேஸில் கார் இருக்கிறது என்று என் மனைவி ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறாள்.